மானிப்பாயில் பிறந்த மருத்துவத் தமிழும் பாலுணர்வு பற்றிய மௌனமும்

யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே சில மைல் தொலைவில் அமைந்த மானிப்பாய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்ச் சொல் வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். அமெரிக்க மிசனின் அச்சகம் 1834இல் அங்கே தொழிற்படத் தொடங்கிற்று. 1841இல் 'உதயதாரகை' அவ்வச்சகத்திலிருந்து வெளிவந்தது. மானிப்பாய் அகராதி எனப் பெயர் பெற்ற பெருஞ் சொற்றொகுதி 1842இல் அச்சேறியது. இவற்றுக்குப் பின் அவ்வூர் தமிழுக்கு அளித்த கொடை மருத்துவத் தமிழாகும். எலும்புக்கும் நரம்புக்கும் குருதிச் சுற்றோட்டத்திற்கும் மேனாட்டு அறிவியல் முறைப்படியான தமிழ்ப் பெயர்கள் அங்கேதான் பெருமளவிற் பிறந்தன.

இக்கொடையைப் போற்றி எழுதியோர் பலர். அதன் எல்லை எங்கே முடிந்தது என்பதை நோக்கியோர் சிலரே. மனித உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழிற் பெயர் தேடியவர்கள், அவ்வுடம்பு காமத்தினால் எவ்வாறு கிளர்கின்றது, அக்கிளர்ச்சியில் உள்ளம் எத்துணைப் பங்கு கொள்கின்றது என்னும் வினாவைத் தமிழில் எழுப்பினார்களா? எழுப்பவில்லையெனின் அதற்குக் காரணம் யாது? அந்த மௌனத்தினால் விளைந்தது யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவது ஓர் ஊரின் அல்லது ஒரு மருத்துவரின் வரலாற்றோடு அமைவதன்று. தமிழ் பேசும் ஆணும் பெண்ணும் தம் உடம்பைப் பற்றி இன்றுவரை கொண்டுள்ள அச்சங்களின் வரலாறும் அதனுள் அடங்கும்.

மேனாட்டு மருத்துவம் வருவதற்கு முன் தமிழில் இப்பொருள் பற்றிய அறிவே இருக்கவில்லை எனக் கொள்ளுதல் தவறாகும். உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடம்பிற் புலப்படும் முறையைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் எனத் தனியோர் இயலாகவே வகுத்தது. தலைவனை எதிர்ப்பட்ட தலைவியின் முகம் மலர்தல், நெற்றி வியர்த்தல், எழும் நகையை அவள் மறைக்க முயலுதல், உள்ளத்தின் சிதைவு பிறர்க்குத் தோன்றாமற் காத்தல் என்பன அங்கே படிமுறையாகக் கூறப்படுகின்றன. பிரிவினால் வளை நெகிழ்தலும் பசலை படர்தலும் சங்கச் செய்யுள்களிற் பயின்று வருவன. திருக்குறள் 250 குறட்பாக்களைக் காமத்துப்பாலுக்கு ஒதுக்கிற்று. உள்ளத்தையும் உடம்பையும் வேறு பிரிக்காது நோக்கிய நோக்கு இவற்றில் உண்டு.

எனினும் இந்த நோக்கு மருத்துவத்தோடு இணையவில்லை. யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் நோய்களையும் மருந்துகளையும் விரித்துரைப்பன. இந்திய மருத்துவ மரபு உடம்பை ஏழு தாதுக்களால் ஆயதெனக் கொண்டு, ஏழாவதான சுக்கிலத்தை ஏனைய ஆறினதும் சாரமாகக் கருதிற்று. பல துளி குருதியிலிருந்து ஒரு துளி சுக்கிலம் உண்டாகின்றது என்னும் கொள்கை பொதுமக்களிடையே வேரூன்றியது. எனவே இலக்கியத்திற் காமம் மெய்ப்பாடாகவும், மருத்துவத்தில் அது சேமிக்க வேண்டிய செல்வமாகவும் அமைந்தது. இரு நீரோட்டங்களும் ஒன்றை ஒன்று சந்தியாமலே ஓடின.

இத்தகைய சூழலிலேதான் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822இற் பிறந்த அவர், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இற் பட்டம் பெற்றவர். 1847இல் இலங்கையை அடைந்த கிறீன் முதலில் வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் தங்கி, 1848இல் மானிப்பாயைத் தம் நிலையமாக்கினார். பண்டத்தரிப்பில் 1820இல் மருத்துவப் பணி தொடங்கிய யோன் ஸ்கடரும், வட்டுக்கோட்டையிற் பணியாற்றிய நேதன் வார்ட்டும் அவருக்கு முன்னோடிகள். நோயாளரைக் குணப்படுத்துவதோடு அமையாது, சுதேச மாணவரை மருத்துவராக்குவதே நிலையான பணியென அவர் கண்டார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1864ஆம் ஆண்டளவில் தமிழ்மொழி மூலம் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகம் நாடி அயலூர் செல்வர். தமிழிற் கற்றவர் தம் ஊராரிடையே தங்கித் தொழில் புரிவர் என்பது அவருடைய எண்ணம். அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவரும் அவர்தம் மாணவரும் வெளிக்கொணர்ந்த மருத்துவத் தமிழ்ப் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை.

இந்நூல்களைக் காலவரிசைப்படி நோக்கின், மனித இனப்பெருக்கம் பற்றிய அறிவு தமிழுக்குள் படிப்படியாக நுழைந்த விதம் தெளிவாகும். முதலில் 1852இல் வெளிவந்தது அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் ஆகிய மூன்றையும் கூறும் நூலாகும். உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் என இன்று வழங்கும் துறைகளுக்கு அக்காலத்தில் இடப்பட்ட பெயர்கள் இவை. கல்வின் கட்டர் என்னும் அமெரிக்க மருத்துவரின் நூலைத் தழுவியது அது. கட்டரின் மூலநூல் பாடசாலைக்கும் குடும்பத்திற்குமென எழுதப்பட்டது. அதில் எலும்பு, தசை, பல், சமிபாடு, குருதிச் சுற்றோட்டம், சுவாசம், தோல், நரம்பு, ஐம்பொறி என யாவற்றுக்கும் அத்தியாயங்கள் உண்டு. இனப்பெருக்க உறுப்புகளுக்கு மாத்திரம் அத்தியாயம் இல்லை. ஆகவே தமிழில் மேனாட்டு முறைப்படி முதன்முதல் வரையப்பட்ட மனித உடம்பு, ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத உடம்பாகவே அமைந்தது. யாழ்ப்பாணத்து நாணத்தை முன்னிட்டு ஏற்பட்ட விலக்கு அன்று இது. அமெரிக்க வகுப்பறையின் நாணமே கப்பலேறி மானிப்பாய்க்கு வந்ததெனல் பொருந்தும்.

அடுத்த படி 1857இல் நிகழ்ந்தது. மோன்சல் என்பாரின் மகப்பேற்று நூல் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரில் தமிழாயிற்று. பிரசவத்தின்போது தாயும் சேயும் மடிதல் மலிந்திருந்த காலத்தில் இந்நூலின் தேவையை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெண்ணின் இடுப்பெலும்பும் கருப்பையும் இதனால் தமிழுக்கு அறிமுகமாயின. ஆயினும் பெண்ணுடம்பு இங்கே தாய்மையின் கருவியாக மாத்திரமே தோன்றுகின்றது. பிறப்பு பேசப்பட்டது, பிறப்புக்குக் காரணமான கூட்டத்தில் அவளது உணர்வு பேசப்படவில்லை. அக்காலத்து மேனாட்டு மருத்துவச் சிந்தனையும் இதற்கு அப்பாற் சென்றதன்று. அதே 1857இல் இலண்டனில் வில்லியம் அக்டன் வெளியிட்ட இனப்பெருக்க உறுப்புகள் பற்றிய நூல், பெரும்பான்மையான பெண்களைப் பாலுணர்ச்சி பெரிதும் அலைப்பதில்லை எனக் கூறிற்று. பெண்ணுக்கு உணர்ச்சியே இல்லையென்று கருதிய மருத்துவம் அவ்வுணர்ச்சிக்குச் சொல் தேடாமை வியப்புக்குரியதன்று.

கிறீன் 1857இல் தாயகம் சென்று, 1862இல் மீண்டு வந்து, 1873வரை இரண்டாம் முறை பணியாற்றினார். இக்காலத்தில் 1867இல் 'இரண வைத்தியம்' வெளிவந்தது. 1872இல் ஹென்றி கிறேயின் புகழ்பெற்ற உடலமைப்பு நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் தமிழில் அச்சேறியது. அதே ஆண்டில் 'வைத்தியாகரம்' வந்தது. இரசாயன நூலாகிய 'கெமிஸ்தம்' 1875இல் வெளியாயிற்று. அங்காதிபாதம் என வடசொற்களைக் கொண்டு பெயர் அமைத்தவர், ஏற்ற சொல் வாய்க்காத இடத்து ஆங்கில ஒலியையே தழுவிக் கெமிஸ்தம் என்றும் அமைத்தார். சொல்லுக்காக அறிவு காத்திருத்தல் ஆகாது என்பதே அவர் கைக்கொண்ட நெறி. கிறேயின் நூல் மருத்துவருக்கென எழுதப்பட்டதாதலின் ஆண், பெண் உறுப்புகளை மறையாது விளக்குவது. கட்டரின் நூலில் இல்லாத உடம்பு, இருபது ஆண்டுகள் கழித்து மருத்துவ மாணவரின் மேசைமீது தோன்றியது.

தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் மொழிபெயர்ப்புப் பணியைக் கைவிடவில்லை. யோன் கோல் டோல்டனின் உடற்றொழில் நூல் 1883இல் 'மனுஷ சுகரணம்' என வெளிவந்தது. டோல்டனின் மூலநூல் போசணை, நரம்புத் தொகுதி, இனப்பெருக்கம் என மூன்று பெரும் பகுதிகளைக் கொண்டது. முட்டை, விந்து, மாதவிடாய், கருவின் வளர்ச்சி ஆகியன மூன்றாம் பகுதியின் பொருள்கள். கிறீன் 1884இல் இறந்தார். தமிழர்க்கு மருத்துவப் பணி புரிந்தவர் என்பதையே தம் கல்லறையில் அவர் பொறிக்கச் செய்தார். 1852இல் வெறுமையாக இருந்த இடம் 1883இல் ஒருவாறு நிரம்பியது எனலாம்.

ஆயின் நிரம்பியது இனப்பெருக்கம் பற்றிய அறிவேயன்றிப் பாலுணர்வு பற்றிய அறிவன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கரு எவ்வாறு உண்டாகின்றது என்பது முன்னதன் வினா. உடம்பும் உள்ளமும் ஒரு தூண்டலுக்கு எவ்வாறு துலங்குகின்றன, அத்துலங்கல் ஏன் சிலவேளை நிகழாது போகின்றது என்பது பின்னதன் வினா. இரண்டாவது வினாவுக்கு விடையின் முதற்றுளியை ஜேர்மானிய உடற்றொழிலியலாளர் எக்காட் 1863இற் கண்டார். முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் சில நரம்புகளைத் தூண்டினால் நாயின் குறி விறைப்படைவதை அவர் ஆய்வுகூடத்திற் காட்டினார். விறைப்பு மன உறுதியின் விளைவன்று. நரம்பினால் ஆளப்படும் குருதியோட்டத்தின் விளைவு என்பது அதனாற் புலனாயிற்று. மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவ வகுப்புத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலமாகும். ஆனால் அந்நூற்றாண்டின் மருத்துவருட் பலர் இவ்வழியே மேற்செல்லவில்லை. சுயவின்பத்தினால் உடல் நலியும், அறிவு மங்கும் எனச் சுவிற்சர்லாந்து மருத்துவர் திசோ பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய கொள்கையே மேனாட்டிலும் கோலோச்சிற்று. சுக்கிலம் பற்றிய கீழைநாட்டு அச்சத்தை மேலைநாட்டு அறிவு அக்காலத்தில் அகற்றியிருக்க இயலாது. தானும் அதே அச்சத்தில் அது ஆழ்ந்திருந்தது.

இந்நிலையில் மருத்துவத் தமிழின் ஓட்டமே தடைப்பட்டது. 1870இற் கொழும்பு மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. அரசாங்கத்தின் அங்கீகாரமும் ஊதியமும் ஆங்கிலவழிக் கல்விக்கே உரியனவாயின. கிறீன் சென்ற பின் அவருடைய மாணவர்கள் சில காலம் வகுப்பைத் தாங்கினர்; பின்னர் அது நின்றது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கி மருத்துவமனை நிலைத்தது. அவருடைய சொற்கள் நூலகங்களில் ஒடுங்கின. பாலுணர்வு பற்றிய அறிவியல் முளைவிட்டு வளர்ந்தது இதற்குப் பிற்பட்ட காலத்திலேயாம். அதனால் அதனை ஏந்திக்கொள்ளத் தமிழில் வகுப்பறையோ பாடநூலோ இல்லாது போயிற்று. இதுவே இவ்வரலாற்றின் பெரும் அவலம்.

அவ்வறிவியலின் வளர்ச்சியைச் சுருக்கமாக நோக்குதல் ஈண்டு வேண்டற்பாலது. ஹவ்லொக் எல்லிஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு அடிகோலினார். விலங்கியலாளராகிய அல்பிரட் கின்சி அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஆண் பெண்களை நேர்கண்டு, 1948இல் ஆண்கள் பற்றியும் 1953இற் பெண்கள் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். எனினும் மக்கள் கூறியதை அவர் பதிந்தாரேயன்றி உடம்பிற் நிகழ்வதை அளந்தாரல்லர். அதனைச் செய்தவர்கள் சென் லூயிஸ் நகரில் ஆய்வு நடத்திய வில்லியம் மாஸ்ரர்ஸ், வேர்ஜீனியா ஜோன்சன் ஆகிய இருவருமாவர். 382 பெண்களும் 312 ஆண்களும் தாமாக முன்வந்து அவர்தம் ஆய்விற் பங்குகொண்டனர். ஏறத்தாழப் பத்தாயிரம் துலங்கல்களை நோக்கிப் பெற்ற முடிவுகள் 1966இல் நூலாயின.

மனிதத் துலங்கலைக் கிளர்ச்சி, மேடைநிலை, உச்சம், தணிவு என நான்கு கட்டங்களாக அவர்கள் வகுத்தனர். இவற்றுக்கு அடிப்படையாய் அமைவன இரண்டு: ஒன்று உறுப்புகளிற் குருதி தேங்குதல், மற்றையது தசைகள் இறுகுதல். ஆணிடத்து விறைப்பாகத் தோன்றுவதும் பெண்ணிடத்து யோனிமடலின் சுவரிற் கசியும் ஈரமாகத் தோன்றுவதும் ஒரே குருதித் தேக்கத்தின் இரு வடிவங்களே. உச்சத்தின்போது இடுப்புத் தசைகள் ஏறத்தாழ 0.8 செக்கனுக்கு ஒருமுறை சுருங்குதலும் இருபாலார்க்கும் பொது. உச்சத்தின் பின் ஆணுடம்பு மீண்டும் துலங்குவதற்குச் சிறிது காலம் வேண்டும். பெண்ணுக்கு அத்தகைய இடைவேளை கட்டாயமன்று. பெண்ணுக்கு உணர்ச்சி குறைவென்று அக்டன் எழுதி ஒரு நூற்றாண்டு கழித்து, அவளுடைய துலங்கல் ஆணினதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது நிறுவப்பட்டது. பெண்ணின் இன்பவுணர்வுக்கென அமைந்த சிற்றுறுப்பின் பெரும்பகுதி உடலினுள்ளே மறைந்திருப்பதைக் கோபெல்ட் 1844இலேயே விளக்கியிருந்தும், உடலமைப்பு நூல்கள் அதனைப் பெரிதும் புறக்கணித்தன. அவுஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ'கொனல் 1998இல் அதன் முழு அமைப்பையும் மீண்டும் வரைந்து காட்டவேண்டியதாயிற்று.

குருதித் தேக்கத்தை ஆள்வது பெரும்பாலும் பராபரிவு நரம்புத் தொகுதியாகும். அந்நரம்பு முனைகளிலிருந்தும் குருதிக் கலன்களின் உட்சுவரிலிருந்தும் சுரக்கும் நைத்திரிக் ஒக்சைட்டு என்னும் எளிய வாயு கலன்களின் தசையைத் தளர்த்துவதாற் குருதி பெருகுகின்றது. குருதிக் கலன்களில் அவ்வாயு செய்தி தாங்கிச் செல்வதைக் கண்ட மூவர்க்கு 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதற்கு மாறாக, அச்சத்தின்போது மேலோங்குவது பரிவு நரம்புத் தொகுதி. அது கலன்களைச் சுருக்கும், இதயத்தை விரைவிக்கும், உடம்பை ஓட்டத்திற்கோ போருக்கோ ஆயத்தம் செய்யும். ஆகவே அஞ்சிய உடம்பு கூட்டத்திற்கு இசைவது அரிது. உறுப்புக்களில் யாதொரு குறையும் இல்லாதவிடத்தும் உள்ளத்தின் அச்சமொன்றே துலங்கலைத் தடுக்க வல்லது. மாஸ்ரர்ஸும் ஜோன்சனும் 1970இல் வெளியிட்ட இரண்டாவது நூலிற் கூறிய முதன்மையான உண்மை இதுவே. தன் உடம்பு தோற்றுவிடுமோ எனத் தானே பார்வையாளனாய் நின்று நோக்குபவன், அந்நோக்கினாலேயே தோற்கின்றான். கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே இருத்தி, அச்சம் நீங்கப் பேசுவித்து, அவசரமின்றித் தீண்டலைப் பழக்குதலே அவர்கள் வகுத்த சிகிச்சை. ஹெலன் கப்லன் 1970களில் விருப்பம் என்னும் உளக்கூறைத் துலங்கலின் முதற்கட்டமாகச் சேர்த்தார். பெண்ணிடத்து விருப்பம் எப்பொழுதும் முன்னே நில்லாது, நெருக்கத்தினாலும் நம்பிக்கையினாலும் பின்னே எழுவதும் இயல்பே என ரோஸ்மரி பாசன் 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

இவ்வறிவின் ஒளியில் தமிழ்ச் சூழலை நோக்கின், மௌனத்தின் விலை தெளிவாகும். விந்து இழப்பினால் உடல் மெலிந்தது, நினைவு குன்றியது, ஆண்மை போயிற்று என முறையிட்டு வரும் இளைஞரைத் தென்னாசிய மருத்துவர் பலரும் அறிவர். இதனைத் தனியொரு நோய்க்குறித் தொகுதியாக இந்திய உளமருத்துவர் விக் 1960இல் இனங்கண்டு 'தாது' என்னும் சொல்லாலேயே பெயரிட்டார். இலங்கையில் இம்முறைப்பாடு பற்றி டி சில்வா, திசாநாயக்க ஆகிய இருவரும் 1989இல் மருத்துவ ஆய்வொன்றை வெளியிட்டனர். உடற்றொழிலியலின்படி ஒருமுறை வெளியேறும் விந்து சில மில்லிலீற்றர் அளவினது. அதன் பெரும்பகுதி சுரப்பிகளின் நீர்மமே. உயிரணுக்கள் இடையறாது உற்பத்தியாகின்றன. அதனால் உடம்பு இழப்பது யாதுமில்லை. ஆயினும் இழந்துவிட்டோம் என நம்புபவனின் அச்சம் உண்மையானது. அவ்வச்சம் பரிவு நரம்புகளைத் தூண்டி, திருமண இரவில் அவன் அஞ்சியதையே நிகழச் செய்கின்றது. நம்பிக்கை நோயாகின்றது, நோய் நம்பிக்கைக்குச் சான்றாகின்றது. இச்சுழலில் அகப்பட்டவனைத் தேடி வருவது, பத்திரிகை மூலையிலும் பேருந்து நிலையச் சுவரிலும் ஆண்மைக்கு மருந்து விற்போரின் விளம்பரமே. அவர்கள் பேசுவது தெளிந்த தமிழ் என்பது ஈண்டு சிந்திக்கத்தக்கது. மருத்துவம் தமிழைக் கைவிட்ட இடத்திலே வாணிகம் அதனைக் கைப்பற்றிக்கொண்டது.

பெண்ணின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஆணுக்கேனும் பொய்யான விளம்பரம் உண்டு. பெண்ணுக்கு அதுவும் இல்லை. அச்சத்தினால் இடுப்புத் தசைகள் தாமே இறுகிக் கூட்டம் வேதனையாவது மருத்துவர் நன்கறிந்த நிலை. தக்க விளக்கத்தினாலும் பயிற்சியினாலும் தீரக்கூடியது. அதனைக் கூறச் சொல்லில்லாத பெண், பிள்ளையில்லாக் குறையைச் சுமந்து கோயில்தோறும் நேர்த்தி வைத்துத் திரிதலும், மலடி என்னும் வசையைத் தாங்குதலும் நேர்கின்றன. பெண்கள் மனம்விட்டுப் பேசப் பெண் மருத்துவர் வேண்டும் என்னும் உணர்வு மானிப்பாய்க்கு அண்மையிலேயே எழுந்ததுண்டு. இணுவிலில் 1898இற் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் மருத்துவமனை நிறுவப்பட்டது. 1896இல் மருத்துவப் பணிக்கென இலங்கை வந்த கனேடியப் பெண்மணி மேரி, தமிழராகிய இரட்ணத்தை மணந்து மேரி இரட்ணம் என வழங்கப்பெற்றார். கொழும்பைத் தம் களமாகக் கொண்ட அவர், பெண்களின் சுகாதாரம் பற்றியும் கருத்தடை பற்றியும் எதிர்ப்புக்கு அஞ்சாது பேசினார். 1958இல் மக்சேசே விருது பெற்றார். 1953இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியதும் இவ்வழியில் ஒரு மைல்கல். எனினும் பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்துதல் பேசுபொருளான அளவுக்கு, இல்லறத்தின் இன்பமும் துன்பமும் பேசுபொருளாகவில்லை.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தோன்றியமை கிறீனின் மண்ணுக்கு மருத்துவக் கல்வி மீண்ட நிகழ்வாகும்; மொழி மாத்திரம் ஆங்கிலமாயிருந்தது. ஆயினும் அப்பீடத்தைச் சார்ந்த சிலர் மக்கள் மொழியை நாடினர். சமுதாய மருத்துவப் பேராசிரியரும் 'நந்தி' என்னும் புனைபெயரால் எழுத்தாளருமாகிய சிவஞானசுந்தரம், தங்கைக்கு எழுதும் கடிதமென்னும் உறவு முறையிலே தாய்மைச் சுகாதாரத்தைத் தமிழில் விளக்கினார். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரினால் நொந்த உள்ளங்களைப் பற்றித் தமிழிலும் எழுதினார். மனநோய் பற்றி முன்னர் வாய்திறவாத சமுதாயம், போரின் பின்னர் உளவளத்துணை என்னும் சொல்லைத் தன் நாளாந்தப் பேச்சில் ஏற்றுக்கொண்டது. சொல் பிறந்தபோது நாணம் ஓரளவு நீங்கியது என்பதற்கு இதுவே சான்று.

பாலுணர்வு பற்றிய சொற்கள் தமிழில் இன்று மூன்று நிலைகளிற் கிடக்கின்றன. வசைக்குரிய சொற்கள் ஒருபுறம்; ஏட்டில் மாத்திரம் வாழும் கலைச்சொற்கள் ஒருபுறம்; ஆங்கிலச் சொற்கள் ஒருபுறம். வசைச்சொல்லை நோயாளர் மருத்துவர்முன் கூறார். கலைச்சொல்லை அவர் அறியார். ஆங்கிலச் சொல்லை அறிந்தாலும் அதன் பொருளின் எல்லையை அறியார். ஆகவே மருத்துவமனைக்கு வந்தவர் 'உடம்பு இயலாமற் கிடக்கு' என்றோ 'நாரி உளைவு' என்றோ கூறி, வேறெதற்கோ மருந்து பெற்றுத் திரும்புகின்றார். சொல்லப்படாத நோய்க்குச் சிகிச்சை இல்லை. கிறீன் 1864இற் கண்ட உண்மை இதுவே: மருத்துவரும் நோயாளரும் ஒரே மொழியிற் பேசாதவிடத்து மருத்துவம் பாதியே நிகழும். இரணத்திற்கும் காய்ச்சலுக்கும் பொருந்திய அவ்வுண்மை, பேச்சே பாதி மருந்தாகிய இத்துறைக்குப் பன்மடங்கு பொருந்தும்.

இவற்றையெல்லாம் வெளிப்படையாகப் பேசுதல் தமிழர் பண்பாட்டுக்கு ஒவ்வாது எனக் கூறுவோர் உளர். அவர்தம் கவலை முற்றாகத் தள்ளத்தக்கதன்று. வணிகத்தின் பொருட்டுக் காமத்தைக் கடைவிரிப்போரும் இருக்கின்றனர். ஆனால் நாணத்தையும் அறியாமையையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. அகத்திணை மரபிலேயே இதற்கு விடை உண்டு. காதலின் தொடக்கம் முதல் கூட்டமும் பிரிவும் ஊடலும் வரை அனைத்தையும் விரித்துரைத்த அம்மரபு, ஒன்றை மாத்திரம் கண்டிப்பாக விலக்கிற்று: தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்றது. அனுபவம் யாவர்க்கும் பொது. ஆள் மாத்திரம் மறைவு. தமிழர் நாணம் காத்தது மனிதரின் மானத்தையேயன்றி அறிவின்மையை அன்று. நோயைப் பேசி நோயாளரின் பெயரை மறைக்கும் மருத்துவ அறமும் இதுவே. சென் லூயிஸ் ஆய்வில் உதவிய 694 பேரின் அனுபவத்தை உலகமே அறியும். அவர்தம் பெயர்களை நூல் வெளியிடவில்லை.

மானிப்பாயின் பழைய நூல்கள் இன்று அருங்காட்சிப் பொருள்களாகப் போற்றப்படுகின்றன. அவற்றின் சொற்கள் பல வழக்கிறந்தன, அறிவும் பழமையுற்றது. வழக்கிறவாதது அவற்றின் நோக்கம். 1852இன் நூல் விட்ட வெற்றிடத்தை 1872இன் நூலும் 1883இன் நூலும் நிரப்ப முயன்றன. அவை நிறுத்திய இடத்திலிருந்து, துலங்கலையும் விருப்பத்தையும் அச்சத்தையும் தெளிந்த தமிழிற் பேசும் மருத்துவ எழுத்துத் தொடர்தல் வேண்டும். அது நிகழும்வரை, சுவர் விளம்பரமே தமிழ் இளைஞனின் பாடநூலாகவும், மௌனமே தமிழ்ப் பெண்ணின் மருந்தாகவும் நீடிக்கும்.